பத்து வருட இடைவெளிக்கு எந்த ரெஸ்யூமே?

என் மயினி (அண்ணி) பி.காம். படித்தவர். மார்த்தாண்டத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஆறு வருடம் கணக்கு பார்த்துவிட்டு, மூத்தவள் பிறந்தபோது, 2014ல் நின்றார். இளையவனும் பள்ளிக்கூடம் போய் நிலைத்த பிறகு மறுபடி வேலைக்குப் போக நினைத்தார். கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு பயோடேட்டா அடித்து வாங்கினார். அதில் அப்பா பெயர், கணவர் பெயர், மதம், பிறந்த தேதி எல்லாம் வரிசையாக இருந்தன. ஆறு வருடம் என்ன வேலை செய்தார் என்பதற்கு ஒரே ஒரு வரி. ஐந்து இடத்தில் கொடுத்தும் யாரும் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று விதமாக எழுதிப் பார்த்தோம்.

முதலாவது, காலவரிசை ரெஸ்யூமே. கடைசியாகப் பார்த்த வேலை மேலே, பழையது கீழே. வாசிப்பவருக்கு இதுதான் பழகிய வடிவம். ஆனால் மயினிக்கு இதில் முதல் வரியே 2014ல் முடிந்தது. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வெறும் தாள்.

இருந்தாலும் இதை ஒதுக்கிவிட வேண்டாம். நர்ஸ், ஆசிரியர் போன்றவர்களுக்கு இதுவே சரி. ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் பதிவுச் சான்றிதழையும் அனுபவச் சான்றிதழையும் வருடம் பார்த்துத்தான் எடுப்பார்கள். நம் குமரி மாவட்டத்தில் பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறி, குழந்தைகளுக்காக வீட்டில் இருக்கும் பெண்கள் நிறையப் பேர். அந்தத் தகுதித் தேர்வுச் சான்றிதழ் ஏழு வருடத்துக்குத்தான் என்று நினைத்து அதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். 2011 முதல் வழங்கிய தகுதிச் சான்றிதழ்கள் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2021ல் ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. அதை முதல் பக்கத்தின் மேலேயே போடுங்கள்.

இரண்டாவது, திறன்வாரி ரெஸ்யூமே. கணக்கு, கம்ப்யூட்டர், ஆட்களை நிர்வகிப்பது என்று தலைப்புப் போட்டுத் திறமைகளை அடுக்கிவிட்டு, வருடங்களைக் கடைசியில் சின்னதாக எழுதுவது அல்லது எழுதாமலே விடுவது. இடைவெளி வெளியே தெரியாது என்பதால் திரும்பி வரும் பெண்களுக்கு இதைத்தான் பலரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு தாளில் வருடம் இல்லையென்றால், வாசிப்பவர் குழந்தை வளர்ப்பை நினைக்க மாட்டார்; வேறு ஏதோ மோசமாக நடந்திருக்கிறது என்றுதான் நினைப்பார். பெரிய கம்பெனிகளில் விண்ணப்பத்தை முதலில் படிக்கும் மென்பொருளும் வேலையின் பெயரையும் வருடத்தையும் தேடும். எல்லாவற்றையும் தாண்டி நேர்காணலுக்குப் போனாலும், ஒளித்து வைத்ததைத்தான் முதலில் கேட்பார்கள். நாம் செய்யாத குற்றத்துக்கு விளக்கம் சொல்வதுபோல் ஆகிவிடும்.

மூன்றாவது, இரண்டும் கலந்தது. மேலே நான்கு வரியில் நீங்கள் யார், என்ன தெரியும். அடுத்து திறமைகள். அப்புறம் வருட வரிசை, அதில் இடைவெளிக்கும் ஒரு தனி இடம்: ‘2014 முதல் 2024 வரை, குழந்தைகளை வளர்ப்பதற்காகப் பணி இடைவெளி’. காரணம் அந்த ஒரு வரி போதும். வேலை தேடுபவர்கள் பயன்படுத்தும் லிங்க்ட்இன் தளத்திலேயே 2022 முதல் பணி இடைவெளியைத் தனியாகக் குறிக்க வழி இருக்கிறது.

அந்த வரிக்குக் கீழே என்ன எழுதுவது என்பதில்தான் நாங்கள் நிறைய நேரம் செலவிட்டோம். ‘ஹோம் மேனேஜர்’ என்று பதவிப் பெயர் போடச் சொல்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்றேன். பிள்ளை வளர்ப்பது பெரிய வேலை; அதற்கு அலுவலகப் பெயர் சூட்டி மதிப்புத் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பத்து வருடத்தில் மயினி மகளிர் சுயஉதவிக் குழுவில் நான்கு வருடம் கணக்குப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு பேரின் சேமிப்பு, வங்கிக் கடன், மாதாமாதம் வரவு செலவு. ‘அதெல்லாம் வேலையா?’ என்று கேட்டார். வேலைதான். கோயில் கமிட்டி, சர்ச் பெண்கள் சங்கம், வீட்டு டியூஷன், எதுவானாலும் எத்தனை பேர், எத்தனை வருடம், என்ன பொறுப்பு என்று எண்ணோடு எழுதினால் வேலையாகவே நிற்கும்.

இன்னொன்றும் செய்ய வேண்டியிருந்தது. மயினி நின்றபோது இருந்தது வாட் வரி. 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த கணக்கு மென்பொருளான டேலி இஆர்பி 9 போய், 2020ல் டேலி பிரைம் வந்துவிட்டது. ரெஸ்யூமே எந்த வடிவத்தில் இருந்தாலும் இந்தப் பள்ளத்தை மறைக்காது. தெரிந்த ஒருவரின் கடையில் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் உட்கார்ந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடப் பழகினார். அதை வருடத்தோடு, இடைவெளி வரிக்கு மேலே, முதல் வரியாக எழுதினோம். இப்போது வருட வரிசையின் உச்சியில் இருந்தது நடப்பு வருடம்.

கொடுக்கும் இடத்தைப் பொறுத்தும் கொஞ்சம் மாற்ற வேண்டும். நாகர்கோவிலில் ஆடிட்டர் ஆபீஸ், ஜவுளிக்கடை என்றால் முதலாளியே வாசிப்பார். ஒரே பக்கம், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எத்தனை மணி வரை இருக்க முடியும் என்பது போதும். திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆன்லைனில் அனுப்புவதானால் கட்டம், பார்டர், போட்டோ வேண்டாம். விளம்பரத்தில் இருக்கும் அதே சொற்களை, உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தவற்றுக்கு மட்டும், அப்படியே பயன்படுத்துங்கள். மதம், கணவர் பெயர் இரண்டு இடத்துக்குமே தேவையில்லை.

மயினி மூன்றாவது விதத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஆடிட்டர் ஆபீசுக்குப் போனார். ஆடிட்டர் அந்தப் பத்து வருட வரியை வாசித்துவிட்டு, “குழுக் கணக்கை நோட்டில எழுதினீங்களா, டேலியிலயா?” என்று கேட்டாராம்.