சேணத்தின் மேலா, மணலிலா: குதிரைவழி மனநல சிகிச்சையில் நாங்கள் செய்த தேர்வு

தாத்தா இறந்த பிறகு என் மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு 14 வயது. நான்கு மாதம் ஆலோசனை அறைக்குச் சென்றும் தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தவளைக் குதிரைகளிடம் அழைத்துப் போகலாம் என்று சொன்னவர் அவளுடைய சிகிச்சையாளர்தான். அமெரிக்காவின் டென்வர் நகரில் வசிக்கும் எங்களுக்குக் காரில் போய்வரும் தூரத்தில் இரண்டு வழிகள் இருந்தன: ஒன்று குதிரை மீது ஏறிச் செல்வது, மற்றொன்று ஏறாமலே அதனுடன் தரையில் நின்று பழகுவது.

ஏறிச் செல்லும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றது பலருக்கு இதில் நம்பிக்கை தந்தது. அமெரிக்காவில் இதற்கான அமைப்பு 1969-இல் உருவாகி, இன்று பாத் இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்குகிறது. குதிரையின் நடை, ஏறியிருப்பவரின் இடுப்பை மனித நடையைப் போலவே அசைப்பதால், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு உடல் சமநிலையில் இது உதவுகிறது. எங்கள் தேவை உடல் சார்ந்ததாக இருந்திருந்தால் வேறு யோசனையே செய்திருக்க மாட்டேன்.

தரையில் நின்று பழகும் முறையைப் பரவலாக்கிய ஈகாலா அமைப்பு 1999-இல் தொடங்கப்பட்டது. அதன் முறைப்படி யாரும் குதிரையில் ஏறுவதில்லை. ஒவ்வொரு அமர்விலும் மனநல சிகிச்சையாளர் ஒருவரும் குதிரைகளை அறிந்தவர் ஒருவரும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

நாங்கள் தரையில் பழகும் முறையையே தேர்ந்தோம். அந்த முடிவைத் தீர்மானித்தது, குதிரைக்கு விலகிப்போகும் உரிமை இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். ஏறிச் செல்லும்போது முன்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார், தேவைப்பட்டால் பக்கங்களில் இருவர் நடக்கிறார்கள். பாதுகாப்புக்கு அது அவசியம் என்றாலும், பிள்ளை எந்த மனநிலையில் வந்தாலும் குதிரை சொன்ன வழியில் போய்க்கொண்டே இருக்கும். தரையிலோ கயிறு அவிழ்க்கப்பட்டிருக்கிறது. வேட்டைக்கு இரையாகும் இனம் என்பதால் குதிரை சுற்றியுள்ளவர்களின் இறுக்கத்தை ஓயாமல் கவனிக்கிறது. கோபமான மனித முகத்தின் படத்தைக் கண்டாலே அதன் இதயத் துடிப்பு விரைவாக உயர்வதை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். பிடிக்காவிட்டால் அது நகர்ந்துவிடும், நாகரிகத்துக்காக நிற்காது.

மூன்றாவது அமர்வில் அதை நேரில் பார்த்தேன். மகள் பற்களைக் கடித்துக்கொண்டு வேகமாக நெருங்கியபோது, அந்தச் செம்பழுப்புப் பெண் குதிரை ஒரு காதை மட்டும் அவள் பக்கம் திருப்பிவிட்டு, வேலியின் மறுகோடிக்கு நடந்துவிட்டது. இரண்டு முறை அப்படியே நடந்தது. "இப்போது உன் தோள்கள் எப்படி இருக்கின்றன?" என்று மட்டும் சிகிச்சையாளர் கேட்டார். அவள் கைகளைத் தொங்கவிட்டு மணலிலேயே நின்றாள், பிறகு நீண்ட மூச்சொன்றை விட்டாள். ஐந்து நிமிடம் கழித்துக் குதிரை தானாக வந்து அவள் சட்டைக் கையை முகர்ந்தது. கோபமாக இருந்தால் வீட்டிலும் எல்லோரும் விலகிப் போகிறார்கள் என்று அவள் சொன்னது அப்போதுதான். நாங்கள் விலகித்தான் போயிருந்தோம். 500 கிலோ எடையுள்ள விலங்கு சொன்னதை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

ஆனால் இது பத்து அமர்வுகளின் அனுபவம் மட்டுமே, அறையில் நடந்த ஆலோசனையையும் நாங்கள் நிறுத்தவில்லை என்பதால், முன்னேற்றத்தில் குதிரையின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆய்வுகளும் இன்னும் வலுவாக இல்லை: முன்னாள் படைவீரர்களின் அதிர்ச்சிப் பாதிப்புக்காகக் கொலம்பியா பல்கலைக்கழகம் நடத்திய எட்டு அமர்வுச் சிகிச்சை நல்ல பலனைக் காட்டியிருந்தாலும், அதில் ஒப்பிடுவதற்கு வேறு குழு வைக்கப்படவில்லை. செலவு, தூரம், பனிக்காலத்தில் ரத்தாகும் அமர்வுகள் ஆகியவற்றில் இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடில்லை.

நாங்கள் முதலில் விசாரித்த ஓர் இடத்தில், சிகிச்சை என்று விளம்பரம் செய்திருந்தும், உரிமம் பெற்ற மனநல நிபுணர் யாருமே இல்லை. எந்த முறையைத் தேர்ந்தாலும் உரிமத்தை நேரடியாகக் கேட்டுவிடுங்கள், குதிரைகள் நாளொன்றுக்கு எத்தனை அமர்வுகளில் நிற்கின்றன என்பதையும் சேர்த்து. களைத்த குதிரை விலகிப்போகக்கூட மெனக்கெடாது. அதன் அமைதியைச் சம்மதம் என்று பிள்ளை தவறாக எடுத்துக்கொள்ளும்.

இப்போது மகளுக்குக் குதிரையேற ஆசை வந்திருக்கிறது. அதற்காக வேறொரு லாயத்தில், சிகிச்சை என்ற பெயரில்லாத சாதாரணச் சனிக்கிழமை வகுப்பில் சேர்த்திருக்கிறோம்.