புறநகரில் ஒரு மாத ஒத்திகை

பெருநகரை விட்டுப் புறநகருக்குக் குடிபெயரலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, அறைகலன்களுடன் கூடிய வீட்டை ஒரு மாதத்துக்கு வாடகைக்குத் தந்து, அவ்வூரில் வாழ்ந்து பார்க்க வழிசெய்யும் ஒரு நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்தினேன். வீடு விளம்பரத்தில் கண்டபடியே விசாலமாக இருந்தது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

சேவையின் உண்மையான பயன் பயணத்தில்தான் தெரிந்தது. அலுவலகத்துக்கு 45 நிமிடம் ஆகும் என்று நிறுவனத்தின் கையேடு குறிப்பிட்டிருந்தது. அது விடுமுறை நாள் கணக்கு என்பதும், வேலைநாளில் வீட்டு வாசலிலிருந்து அலுவலக இருக்கை வரை 70 நிமிடம் ஆகும் என்பதும் முதல் வாரத்திலேயே புரிந்தன. ஒரு வழிக்கு 25 நிமிடம் கூடினால், 22 வேலைநாட்களில் 18 மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகக் கரைகிறது. மனிதர்கள் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். நானோ அதைப் போல் இருமடங்குக்கும் மேல் செலவிட்டேன்.

இரவின் அமைதியும், கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யக் கிடைத்த தனி அறையும் மனத்தைக் கவர்ந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால், வாடகையில் மிஞ்சிய தொகையில் பெரும்பகுதியை, வாங்கியே தீரவேண்டிய இரண்டாவது வாகனம் விழுங்கிவிடும் என்பதைக் கையேடு எங்குமே சொல்லவில்லை. இது சிறிய குறையன்று.

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பணிபுரிய எழுத்துபூர்வ அனுமதி கிடைத்தால் மட்டுமே குடிபெயர்வதென முடிவு செய்துள்ளேன்.