பழைய பான்ஜோ-மாண்டலினுக்கு ரெமோ ஃபைபர்ஸ்கின் ஹெட்: எட்டு மாதம் வாசித்த பிறகு

உங்களிடம் 1920-களின் பான்ஜோ-மாண்டலின் ஒன்று இருந்து, தகர டப்பாவைத் தட்டுவது போல் கேட்கிறது என்று பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தால், அதை யாருக்காவது கொடுத்துவிடும் முன் இந்த ஹெட்டையும் (பான்ஜோவின் வட்ட முகத்தில் இழுத்து மாட்டும் படலம்) ஒரு செட் 9 கேஜ் கம்பியையும் (கேஜ் என்பது கம்பியின் தடிமன், எண் குறைந்தால் மெல்லியது) மாட்டிப் பாருங்கள். எட்டு மாதமாகக் கிட்டத்தட்ட தினமும் வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இந்த வாத்தியத்துக்கு இதைவிட அதிகப் பலன் தந்த மாற்றம் வேறு எதுவும் இல்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: உடம்பு பான்ஜோ, கழுத்து மாண்டலின். நான்கு ஜோடிக் கம்பிகள், வயலின் போலவே ஜி, டி, ஏ, ஈ சுருதி. மைக் இல்லாத காலத்தில் பெரிய கூட்டத்தில் மாண்டலின் சத்தம் எடுபடவில்லை என்பதால், மாண்டலின் விரல் பழக்கத்தோடேயே பான்ஜோ சத்தம் கிடைக்க வழி செய்தார்கள். எட்டுக் கம்பியும் ஒரு சின்ன டமாரத்தின் மேல் நின்று அதிர்ந்தால் எப்படி இருக்கும்? அந்தச் சத்தம்தான் இன்றைக்கு ஒரு சின்ன அறையில் பிரச்சினையாகிறது.

என்னுடையது கன்றுத் தோலோடு வந்தது. நல்ல தோலின் நாதத்தை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல நாளில் அது கொடுக்கும் வெதுவெதுப்பான குரலுக்கு ஈடே இல்லை. ஆனால் நல்ல நாள் என்று ஒன்று வர வேண்டுமே. காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து, பிரிட்ஜ் (ஹெட்டின் மேல் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டை) கீழே இறங்கி, கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) உரச ஆரம்பிக்கும். காய்ந்த நாளில் அதே தோல் இறுகி, பிரிட்ஜ் மேலே ஏறி, சுருதி எங்கேயோ போய்விடும், ரொம்பக் காய்ந்தால் கிழிந்தும் போகும். என்னுடையது விளிம்பில் விரல் நீளத்துக்குக் கிழிந்தது.

ரெமோ நிறுவனம் 1957-லிருந்து பிளாஸ்டிக் ஹெட் செய்கிறது. வழக்கமான வெள்ளை ஹெட் பளிச்சென்று, கூர்மையாகக் கேட்கும். ஃபைபர்ஸ்கின் என்பது அதே பாலியெஸ்டர் படலத்தோடு நார் அடுக்கு ஒன்றைச் சேர்த்துச் செய்தது. பார்த்தால் தோல் போலவே இருக்கும், விரலால் தடவினால் லேசாகச் சொரசொரக்கும். அந்த நார் அடுக்குதான் மேல்ஸ்தாயிப் பிசிறை விழுங்குகிறது. ஈரத்துக்கும் வறட்சிக்கும் அசையாது.

வாங்கும் முன் அளவு எடுப்பதில்தான் கவனம் வேண்டும். முதல் தடவை நான் ரிம்மின் (ஹெட்டைத் தாங்கும் மர வளையம்) உள்பக்கம் அளந்து ஆர்டர் செய்து, வந்த ஹெட் உட்காரவே இல்லை. ஹெட் எதன் மேல் உட்காருகிறதோ அதன் வெளி விட்டத்தை அளக்க வேண்டும், அதுவும் மூன்று திசையில், ஏனென்றால் நூறு வருட மர ரிம் லேசாக முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். ஹெட்டுகள் 1/16 அங்குல வித்தியாசத்தில் கிடைக்கின்றன, அந்தச் சின்ன வித்தியாசமே உட்காருவதையும் உட்காராததையும் தீர்மானிக்கும். அப்புறம் கிரவுன் உயரம்: ஹெட்டின் ஓரம் எவ்வளவு உயரத்துக்கு மடிந்திருக்கிறது என்பது. உயரம் அதிகமானால் இறுக்கும் வளையம் ரொம்பக் கீழே போய்விடும். குறைவானால் வளையம் ஹெட்டை விட மேலே துருத்திக்கொண்டு வலது கையை உறுத்தும்.

மாட்டுவதற்கு ஒரு முழு மத்தியானம் ஒதுக்குங்கள். கழற்றும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என் வாத்தியத்தில் 16 ஹூக் (இறுக்கும் வளையத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கொக்கி), அதில் மூன்று நட்டு துருப்பிடித்து அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரு ராத்திரி, மறுநாள் காலையில் விரலாலேயே சுற்ற வந்தது. அவசரப்பட்டு ஸ்பேனரைத் திருகினால் ஹூக்கின் மரை போய்விடும், அந்த அளவில் பழைய மரை இன்று சுலபமாகக் கிடைக்காது. பழைய தோலை எடுத்தபோது ரிம்மின் உள்ளே பென்சிலால் எழுதிய மூன்று இலக்க எண் ஒன்று தெரிந்தது. கழுத்தின் அடியிலும் அதே எண். இந்தக் கழுத்து இந்த ரிம்முக்கென்றே பொருத்தப்பட்டது என்று அப்போதுதான் உறுதியானது. அதைத் துடைக்காமல் அப்படியே விட்டேன்.

இறுக்கும்போது கால் சுற்றுக்கு மேல் ஒரே நட்டில் திருகாதீர்கள். ஒன்றைத் திருகினால் அடுத்தது அதற்கு நேர் எதிரில் உள்ளது. ஒவ்வொரு ஹூக்கின் பக்கத்திலும் பென்சில் முனையால் தட்டிக் கேளுங்கள், தாழ்வாகக் கேட்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். பிளாஸ்டிக் முதல் சில நாள் கொஞ்சம் இளகும், நான் ஒரு வாரத்தில் இரண்டு முறை மறுபடியும் இறுக்கினேன். அதற்கப்புறம் இன்றுவரை தொடவில்லை.

சரி, நாதம். முன்பு ஈ கம்பியை மீட்டினால் 'டிங்' என்று ஒரு உலோகச் சத்தம் முதலில் வந்து காதில் குத்தும், சுருதி அதற்குப் பின்னால்தான் கேட்கும். இப்போது சுருதிதான் முதலில் வருகிறது. ஜி ஜோடிக்கு ஒரு அடிவயிற்றுக் குரல் வந்திருக்கிறது, இது என் வாத்தியத்திலா என்று முதல் நாள் மறுபடி மறுபடி அந்த ஒரு ஜோடியையே மீட்டிக்கொண்டிருந்தேன். கார்வை நீளவில்லை, பான்ஜோவில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. டிரெமலோ (ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டுவது) போடும்போதுதான் பெரிய வித்தியாசம்: முன்பு மணல் கொட்டுவது போல் இருந்தது, இப்போது ஒவ்வொரு அடியும் தனியாகத் தெரிந்துகொண்டே ஒன்றோடொன்று சேருகிறது.

கூட்டத்தில் மற்ற வாத்தியங்களை வெட்டிக்கொண்டு கேட்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்றதல்ல, அவர்கள் வெள்ளை ஹெட்டே வாங்கலாம்.

கம்பியைப் பற்றிச் சொல்லாமல் ஹெட்டை மட்டும் பாராட்டுவது நியாயமாகாது. மாண்டலினுக்குப் பொதுவாக விற்கும் 11 கேஜ் செட், எட்டுக் கம்பியும் சேர்த்து, சுமார் 80 கிலோ இழுக்கிறது. கழுத்துக்குள் இரும்புத் தண்டு கொடுக்கும் முறையை கிப்சன் கொண்டுவந்ததே 1920-களில்தான், அந்தக் காலத்து வாத்தியங்களில் பெரும்பாலானவற்றின் கழுத்து வெறும் மரம். என்னுடையதை எனக்கு முன் வைத்திருந்தவர் கனமான கம்பி போட்டு வைத்திருந்தார், கழுத்து லேசாக வில்லாகியிருந்தது. ஈ கம்பி 11-லிருந்து 9-க்கு வந்தால் அந்தக் கம்பியின் இழுவை மூன்றில் ஒரு பங்கு குறையும். கழுத்துக்கும் நிம்மதி, நாதத்திலும் இறுக்கம் போய்விடும். ஒரு விஷயம்: பழைய டெயில்பீஸ் (கம்பிகளின் அடி நுனியை மாட்டும் உலோகத் துண்டு) பெரும்பாலும் நுனியில் வளையம் போட்ட கம்பியைத்தான் பிடிக்கும், குண்டு வைத்த கம்பியை வாங்கிவிடாதீர்கள்.

பிரிட்ஜ் ஹெட்டில் ஒட்டியிருக்காது, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். அதனால் பிறகு கம்பி மட்டும் மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். 12-வது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்து ஹார்மானிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் சுரம்) ஒன்றாகும்வரை பிரிட்ஜை நகர்த்துங்கள். இன்னும் மிச்ச அதிர்வு இருந்தால், உள்ளே குறுக்கே ஓடும் கட்டைக்கும் ஹெட்டுக்கும் நடுவில் மெல்லிய துணி ஒன்றை மடித்துச் செருகுங்கள், லேசாகத் தொட்டால் போதும்.

சுருதி சேர்க்கும் பிர்டைகளை மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் சுற்ற ஆரம்பித்துவிட்டன. அவற்றின் குமிழ் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக். அது வயதாகி உதிர ஆரம்பித்தால் வெளிவிடும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தேங்கி, கம்பியையும் உலோகத்தையும் அரிக்கும். பச்சையாகப் படிந்திருந்தால் அதுதான் அறிகுறி. பெட்டியை அவ்வப்போது திறந்து வையுங்கள்.

கழற்றிய தோலையும் பழைய பிரிட்ஜையும் ஒரு உறையில் போட்டு, எப்போது மாற்றியது என்று எழுதி, வாத்தியத்தோடேயே வைத்திருக்கிறேன். புதிய ஹெட்டுக்காக மரத்தில் ஒரு இடத்திலும் துளை போடவில்லை, செதுக்கவில்லை. நாளை யாராவது மறுபடியும் தோல் போட விரும்பினால் அதே 16 ஹூக்கைக் கழற்றினால் போதும்.