வெப்பமா, வினையூக்கியா?

சாதாரண நிலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், வேதிவினையின் வேகத்தைக் கூட்டும் காரணிகள் எவை என்று கேட்டால், செறிவு, புறப்பரப்பு, வெப்பநிலை, வினையூக்கி என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் அவை நான்கும் ஒரே பலம் கொண்டவை அல்ல.

செறிவை இரட்டித்தால் பல வினைகளில் வேகமும் இரட்டிக்கும். சிலவற்றில் அசையவே அசையாது. புறப்பரப்போ திண்மங்களுக்குத்தான் கைகொடுக்கும்: 1 செ.மீ. கனசதுரச் சுண்ணாம்புக்கல்லை 1 மி.மீ. துண்டுகளாக்கினால் 6 சதுர செ.மீ. பரப்பு 60 ஆகிறது. இவ்விரண்டும் மூலக்கூறுகளிடையே நிகழும் மோதல்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றனவே தவிர, மோதலின் வலிமையைத் தொடுவதில்லை.

வெப்பம் அப்படியன்று. 27 பாகை செல்சியசிலிருந்து 37 பாகைக்கு ஏற்றும்போது மூலக்கூறுகளின் சராசரி வேகம் 2 விழுக்காடுகூட உயர்வதில்லை. ஆயினும், கிளர்வு ஆற்றல் (வினை நடக்க மூலக்கூறுகள் தாண்டவேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 50 கிலோஜூல் உள்ள வினை ஏறக்குறைய இரு மடங்கு விரைகிறது, ஏனெனில் அந்த ஆற்றல் தடையைத் தாண்டும் வலுவுள்ள மூலக்கூறுகளின் பங்கு அந்த அளவுக்குப் பெருகுகிறது. 1889இல் சுவீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் விளக்கியது இதைத்தான்.

வினையூக்கியோ தடை குறைவான மாற்றுப் பாதையைத் திறந்துவிடுகிறது. மருந்துக்கடையில் வாங்கிய 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடை எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் இரு குவளைகளில் ஊற்றி, ஒன்றில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டையும் மற்றதில் நன்றாக வேகவைத்த துண்டையும் போட்டேன். பச்சைத் துண்டைச் சுற்றி வெண்ணுரை கட்டியது. வெந்த துண்டு சும்மா கிடந்தது. பெராக்சைடைச் சிதைக்கும் வினையூக்கியான கிழங்கின் கேட்டலேஸ் நொதியைச் சூடு சிதைத்திருந்தது. ஆக, வெப்பமும் வினையூக்கியும் எல்லா இடத்திலும் கூட்டுச் சேர்வதில்லை.

சிங்கப்பூரின் எண்ணெய், வேதித் தொழிற்சாலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் இரு வழிகளும் ஒருங்கே நடைமுறையில் உள்ளன. கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தாவை, பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான எத்திலீனாகப் பிளக்கும் உலைகள் வினையூக்கி ஏதுமின்றி, நீராவியுடன் 800 பாகையைத் தாண்டிய வெப்பத்தையே நம்புகின்றன. வேலை ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். கனமான எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்கும் பிரிவுகளோ ஸியோலைட் என்னும் நுண்துளைக் கனிம வினையூக்கியின் தயவில் 500 பாகையை ஒட்டியே இயங்குகின்றன. ஆனால் அந்த வினையூக்கியின் மீது சில நொடிகளிலேயே கரி படிந்துவிடுவதால், அதைத் தனிக்கலனில் எரித்து நீக்கி மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கிறது. வேகம் மட்டுமே கணக்கு என்றால் நான் வினையூக்கியின் பக்கம் நிற்பேன். எத்திலீன்தான் வேண்டும் என்பவர் உலையைத்தான் மூட்ட வேண்டும்.