கடல்நீர் மீன்தொட்டியில் கலங்கல்: வடிகட்டிப் பஞ்சா, யூவி (புற ஊதா) விளக்கா?

முதலில் எப்போது கலங்கியது என்று பாருங்கள். மணல் போட்ட அன்றே என்றால் அரகோனைட் (சுண்ணாம்பு வகை மணல்) தூசி. சில நாள் கழித்துப் பால்போல வெளுத்தால் பாக்டீரியாப் பெருக்கம்.

எதற்கு: பஞ்சு தூசியைப் பிடிக்கும், பாக்டீரியா நழுவிவிடும். யூவி நேர் எதிர்.

செலவு: பஞ்சு மலிவு. யூவி விலை அதிகம், விளக்கையும் ஏறக்குறைய ஆண்டுக்கொருமுறை மாற்றவேண்டும்.

பராமரிப்பு: பஞ்சை 2 நாளுக்கொருமுறை மாற்றுங்கள், விட்டால் சிக்கிய அழுக்கே நைட்ரேட் என்னும் கழிவுப்பொருளாகும். யூவிக்குள் நீர் வேகமாக ஓடினால் பாக்டீரியா தப்பிவிடும். பாட்டில் பாக்டீரியா (கழிவைச் சிதைக்க விற்கப்படும் நல்ல பாக்டீரியா) ஊற்றிய நாட்களில் யூவியை அணைத்து வையுங்கள் (காசு கொடுத்து வாங்கியதைக் கொல்வானேன்?).

தூசிக்குப் பஞ்சு போதும். மீனில்லாத தொட்டியில் பால் கலங்கல் பெரும்பாலும் தானே தெளியும். மீன் இருந்தால் யூவி. பாக்டீரியாவால் ஆக்சிஜன் குறையாதபடி பம்பை நீர்ப்பரப்பு நோக்கித் திருப்பியும் வையுங்கள்.