மாடித் தோட்டத்தில் நிழல்வலை: ஐந்து கோடைகளின் அனுபவம்

50 விழுக்காடு நிழல் தரும் பச்சை வலையை என் மாடித் தோட்டத்தில் ஐந்து கோடைகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முந்தைய கோடையில், நிழல் கூடினால் நன்மையும் கூடும் என்று நம்பி, 75 விழுக்காடு வலையைத் தோட்டம் முழுவதற்கும் கூரைபோல் கட்டியிருந்தேன். செடிகள் வாடவில்லை; ஆனால் வெண்டை கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு நெடுநெடுவென்று உயர்ந்ததே தவிரப் பூக்கவில்லை, கத்தரி இலைகள் அகன்று மெலிந்து போயின. காய் காய்க்கும் செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும் என்பதையும், அவ்வளவு அடர்ந்த வலை நிழல் விரும்பும் அலங்காரச் செடிகளுக்கே பொருந்தும் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன்.

இந்த ஐந்து ஆண்டுகளில் நான் கற்றவற்றுள் முதன்மையானது ஒன்று உண்டு: நிழல்வலை காற்றைக் குளிர்விப்பதில்லை. வலைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே உயரத்தில், வெயில் படாதபடி இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது, உச்சிப் பொழுதில் ஓரிரு பாகைக்கு மேல் வேறுபாடு தெரியவில்லை. குளிர்வது இலையும் மண்ணுமே. திறந்த வெயிலில் கிடக்கும் கறுப்பு வளர்ப்புப்பையின் பக்கவாட்டில் பிற்பகலில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ஓரத்து வேர்கள் கருகுவதால், ஈரம் இருந்தும் செடி துவண்டு நிற்கும். வலையின் கீழ் அந்தத் துவளல் நின்றுவிட்டது. அதனோடு காய்ந்த இலைச்சருகை நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்காகப் போட்ட பிறகு, காலையும் மாலையும் ஊற்றிய தண்ணீரைக் காலையில் மட்டும் ஊற்றினால் போதும் என்றாகிவிட்டது. வலையை மட்டும் கட்டி மூடாக்கு போடாமல் விட்ட பைகளில் பாதிப் பயன்கூடக் கிடைக்கவில்லை.

காற்றைக் குளிர்விக்காத வலையால் எது முடியும், எது முடியாது என்ற வேறுபாடு தக்காளியிடம் தெளிவாகத் தெரிந்தது. பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டி, இரவிலும் 24 பாகைக்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் செயலிழந்து பூக்கள் காம்போடு உதிர்கின்றன. பகலெல்லாம் சூட்டை வாங்கிய மாடித்தளம் இரவு முழுவதும் அதைத் திருப்பிக் கக்கும்போது, மேலே கட்டிய வலையால் என்ன செய்ய முடியும்? இரண்டு கோடைகள் பூ உதிர்வுக்கு உரக்குறைவே காரணம் என்று எண்ணி, வெவ்வேறு ஊட்டங்களைக் கொடுத்துக் காலத்தை வீணாக்கினேன். இப்போது வெயில் உச்சத்தை எட்டுவதற்கு இரண்டு மாதம் முன்பே நாற்றை நட்டு, காய் பிடிக்கும் கட்டத்தைக் கடத்திவிடுகிறேன். சிறிய பழம் தரும் வகைகள் அதற்குப் பிறகும் ஓரளவு காய்க்கின்றன. பிடித்த காயைக் காப்பதில் மட்டும் வலைக்கு ஈடில்லை. முன்பெல்லாம் வெயில் படும் பக்கத்தில் வெள்ளையாகக் காகிதம்போல் தோல் வெந்துபோகும். அது இப்போது அறவே இல்லை. கடும் வெயிலில் பழத்தின் சிவப்பு நிறமி சரியாக உருவாவதில்லை என்பதால், நிறம் திரும்பத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்கிறேன்.

மூலிகைகளில் அதிக நன்மை பெற்றது புதினா. ஈரமும் அரை நிழலும் கிடைத்தால் கோடை முழுவதும் அது தழைக்கிறது. கொத்தமல்லியைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது. பகல் நீள்வதும் சூடு ஏறுவதும் சேர்ந்து அதைப் பூக்கத் தூண்டுவதால், வலை அதற்குச் சில நாள் ஆயுளைக் கூட்டித் தருகிறதே தவிரப் பூப்பதைத் தடுப்பதில்லை. திருநீற்றுப்பச்சிலையும் எலுமிச்சைப்புல்லும் வெயிலில்தான் மணம் மிகுந்து வளர்கின்றன. அவற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை ஆகியவற்றுக்கும் அதே இடம்தான். கீரை இனங்களில் தண்டுக்கீரை கடும் வெயிலையும் உணவாக்கிக்கொள்ளும் உடலமைப்பு உடையது. அதற்கு நிழல் கட்டுவது வீண் வேலை.

மூன்றாம் கோடையில் வலை கட்டும் முறையையே மாற்றினேன். இளங்காலை வெயில் செடிகளுக்கு வேண்டியது. துன்புறுத்துவது பிற்பகலில் மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில். ஆகவே மேற்குப் பக்கம் செங்குத்தாக ஒரு வலையை நிலையாகக் கட்டி, மேல்வலையைக் கம்பியில் வளையங்களோடு கோத்துத் திரைச்சீலைபோல் ஆக்கினேன். முற்பகல் பதினொரு மணிக்கு இழுத்து மூடி, மாலை நான்கு மணிக்குத் திறக்கிறேன். கிழக்கும் வடக்கும் திறந்தே இருப்பதால் சூடான காற்று வெளியேறுகிறது, தேனீக்களும் தடையின்றி வருகின்றன. நாற்புறமும் மூடியிருந்த ஆண்டில் பீர்க்கங்கொடியின் பெண் பூக்கள் பிஞ்சோடு மஞ்சளித்து விழுந்தன. இப்போது கையால் மகரந்தம் தடவும் வேலை எனக்கு இல்லை.

வாங்க நினைப்போர் பின்னப்பட்ட வலையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நெய்த வலையை வெட்டினால் இழை பிரிந்துகொண்டே போகும். பின்னிய வலை எங்கே வெட்டினாலும் அப்படியே நிற்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையா என்பதையும் கேட்டு வாங்குவது நல்லது. என்னுடைய வலையில் துணி நலியும் முன்பே மூலைகள் கிழிந்தன. காற்று முழுவதையும் நான்கு முடிச்சுகள் மட்டும் தாங்கியதே காரணம். ஓரத்தை மடித்து, முழம் ஒன்றுக்கு ஒரு கட்டாகப் போட்ட பிறகு கிழிசல் நின்றது. தூசு படிந்தால் 50 விழுக்காட்டு வலையும் அதைவிட அடர்ந்த நிழலைத் தருவதால், கோடையில் இரண்டு முறை கழுவுகிறேன். இலைச் சாற்றை உறிஞ்சும் நுண்ணுயிரான செம்பேனை வலை தடுக்காது. வறண்ட காற்றில் கத்தரி இலையின் அடிப்புறத்தில் அது பெருகுவதால், வாரம் இருமுறை காலையில் இலைகளைத் திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டியிருக்கிறது.

நான்காம் ஆண்டின் முடிவில் மேல்வலை நிறம் வெளுத்து, விரலால் இழுத்தாலே இழை அறுந்தது. அதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். பழையதில் நலியாத பகுதிகளைப் பட்டைகளாக வெட்டி, வலைக்கு வெளியே நிற்கும் வெண்டைப் பைகளின் மேற்குப் பக்கத்தில் இரண்டு மடிப்பாகச் சுற்றியிருக்கிறேன். இந்தக் கோடையில் அந்தப் பைகளைப் பிற்பகலிலும் கையால் தொட முடிகிறது.