பாலக்காட்டு வண்ணமீன் கடை: மீன் நன்று, ஜோடி சந்தேகம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி, மூன்று மாதத்தில் மூன்று முறை அந்தக் கடைக்குப் போய்விட்டேன். குறை சொல்லப் போவதால் பெயரைச் சொல்லவில்லை. இன்னும் அங்கேதான் வாங்குகிறேன்.

முதலில் வாங்கியது காக்கட்டூ அபிஸ்டோ (அபிஸ்டோகிராமா) ஒரு ஜோடி, 900 ரூபாய். பெரு நாட்டு அமேசான் பக்கத்துக் குட்டி மீன், சிக்லிட் குடும்பம். ஆண் 8 செ.மீ. வரை வளரும், பெண்ணுக்கு 5 செ.மீ. வந்தாலே பெரிது. "பெரியது ஆண், சின்னது பெண். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போங்கள் அண்ணா" என்றார் கடைக்காரர். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்து வந்திருக்கிறேன்.

சின்னது சிரட்டைக்குள் ஒண்டிக்கொண்டு சாம்பல் பூத்துக் கிடந்தது. மஞ்சள் ஏறும், முட்டையிடும் என்று ஒரு மாதம் பார்த்தேன். பெரியது அதன் வாலைக் கிழித்ததுதான் மிச்சம். பிரித்து வேறு தொட்டியில் விட்டேன். மூன்றே வாரம்! முதுகுத் துடுப்பின் முன்முட்கள் ஒவ்வொன்றாக நீண்டு கொண்டை முளைத்தது, வாலின் மேலும் கீழும் கூர் வைத்தது. அதுவும் ஆண். வலுத்தவனுக்குப் பயந்து பெண் வேடத்தில் காலம் தள்ளும் ஆண்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

நான் பார்த்திருக்க வேண்டியது உடலின் அளவை அல்ல, வயிற்றுத் துடுப்பை. பெண்ணுக்கு அது குட்டையாக, முன்விளிம்பில் மை தீட்டியதுபோல் கறுப்பாக இருக்கும். ஆணுக்கு நீண்டு தொங்கும், அந்தக் கறுப்பு பெரும்பாலும் இருக்காது.

திரும்பப் போய்ச் சொன்னேன். "பண்ணையிலிருந்து ஜோடி என்றுதான் வருகிறது" என்று தலையைச் சொறிந்தார். "அதற்கு நான் என்ன செய்வேன் ஏட்டா?" என்றேன். பாதி விலைக்குப் பெண் தருவதாக ஒப்புக்கொண்டார். கைபேசி வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் தொட்டி முன் நின்றேன். காக்கட்டூ என்று எழுதிய தொட்டியில் ஒன்றுக்கு மட்டும் வால் நடுவில் ஒரே கூராக, வேல் முனைபோல் முடிந்தது. அது அகஸ்ஸிஸி, வேறு இனம். காட்டியதும் முகம் சுளிக்காமல் எடுத்துத் தனியே விட்டார். அந்தக் குணத்துக்காகத்தான் மறுபடியும் போகிறேன். சூடான நீரில் வளரும் அபிஸ்டோ குஞ்சுகளில் ஆண்கள் மிகுதியாகும் என்று 1996-இல் ஓர் ஆய்வு வந்தது. நம் வெயிலில் பெண் கிடைக்காததற்கு அதுவும் காரணமோ என்னவோ.

ராம் என்ற இன்னொரு குட்டி சிக்லிட்டின் நீல வகையான எலக்ட்ரிக் புளூ ராம் ஜோடியை மட்டும் அங்கே வாங்காதீர்கள். சாதாரண ராமில் பெண்ணுக்கு வயிறு இளஞ்சிவப்பாக இருக்கும். விலாவின் கறுப்புப் பொட்டுக்குள் நீலத் துகள்களும் மின்னும். நீல வகையில் அந்தப் பொட்டே மறைந்துவிடுகிறது. எதை வைத்து ஜோடி சேர்க்கிறார் என்று கேட்டேன், சிரித்தார்.

மற்றபடி குறையில்லை. "உங்கள் ஊர் போர் தண்ணீரா?" என்று கேட்டுவிட்டுத்தான் மீனைப் பிடிக்கிறார். இரட்டைப் பையில் ஆக்ஸிஜன் நிரப்பி, செய்தித்தாள் சுற்றி, ஐந்தாறு காய்ந்த நாட்டுவாதுமை இலையும் சும்மா தருகிறார். பஸ் நெரிசலில் ஒன்றும் சாகவில்லை.

பாதி விலைக்கு வாங்கிய அந்தப் பெண் அபிஸ்டோ போன வாரம் மஞ்சளாகிவிட்டது. சிரட்டையின் உட்புறம் சிவப்பாக முட்டைகள் ஒட்டியிருக்கின்றன. தன்னைவிடப் பெரிய ஆணை அது கிட்டேகூட விடுவதில்லை. போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் துடுப்பைப் பார்க்க விடமாட்டார்கள்.